ஆறு மாத மாத்திரையும் குடலில் குடியிருப்போரும்



அதிகாலை ஐந்து மணி. மும்பையின் ஒரு குடியிருப்பில் பத்தடிக்குப் பத்தடி அளவிலான ஓர் அறை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக வந்த ஒரு வாலிபன் எழுந்து, பிள்ளைகள் விழித்துக்கொள்ளாதபடி விளக்கைப் போடாமலே, அலமாரியின் மேல் தட்டிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிறான். அவனுடைய எடைக்கேற்பக் கொடுக்கப்பட்ட மூன்று பெரிய மாத்திரைகள். அவற்றை விழுங்கிய அரைமணி நேரத்தில் குமட்டல். ரயிலில் நின்றுகொண்டே போகும்போது வயிற்றைப் புரட்டுகிறது. மதியம் சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு. சில நாட்கள் வயிற்றுப்போக்கு, சில நாட்கள் வயிறு உப்புசம்.

இரண்டு மாதங்கள் கடந்துவிட்டன. இருமல் நின்றுவிட்டது, மாலைக் காய்ச்சலும் இல்லை. "நோய்தான் போய்விட்டதே! இனி இந்த மாத்திரை எதற்கு? இதுவல்லவா என் வயிற்றைக் கெடுக்கிறது?" என்ற எண்ணம் அவனுக்குள் மெதுவாக நுழைகிறது.

இந்த வாலிபன் யாரோ ஒருவன் அல்லன். உங்கள் தெருவில், உங்கள் தொழிற்கூடத்தில், ஒருவேளை உங்கள் வீட்டிலேயே இப்படி ஒருவர் இருக்கலாம். 2023-ஆம் ஆண்டில் உலகமெங்கும் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயால் பாதிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களில் ஏறக்குறைய 26 சதவீதத்தினர் நம் இந்தியாவில் வாழ்கிறவர்கள். அந்த ஓராண்டில் மட்டும் உலகில் சுமார் 12 லட்சத்து 50 ஆயிரம் பேரை இந்த வியாதி வாரிக்கொண்டு போயிற்று. காற்றோட்டமில்லாத நெருக்கமான அறைகளும், குறைந்த உணவும், ஓயாத வேலையும் இந்நோய்க்கு வாசலைத் திறந்து வைக்கின்றன. பெருநகரத்திற்குப் பிழைக்க வந்த நமக்கு இம்மூன்றும் புதியவை அல்ல.

அந்த வாலிபனுடைய வயிற்றுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? அவன் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டா? இதைக் குறித்து அண்மை ஆண்டுகளில் அறிவியல் அறிஞர்கள் கண்டறிந்த சில காரியங்களை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பொறுமையோடு வாசியுங்கள், ஒருவருடைய உயிர் இதில் அடங்கியிருக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத தோழர்கள்

கிருமி என்றாலே நாம் பயப்படுகிறோம். ஆனால் கிருமிகள் எல்லாம் சத்துருக்கள் அல்ல. 2016-ஆம் ஆண்டு வெளியான ஒரு கணக்கீட்டின்படி, ஒரு சராசரி மனிதனுடைய சரீரத்தில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவனுடைய சொந்த உயிரணுக்களோ சுமார் 30 லட்சம் கோடி. அத்தனை பாக்டீரியாக்களையும் சேர்த்து நிறுத்தாலும் எடை ஏறக்குறைய 200 கிராம்தான். அவற்றில் மிகப் பெரும்பான்மையானவை நம் பெருங்குடலில் குடியிருக்கின்றன.

இவை வாடகை கொடுக்காமல் தங்கியிருப்பவை என்று எண்ணிவிடாதேயுங்கள். கீரை, பருப்பு, தானியத் தவிடு ஆகியவற்றிலுள்ள நார்ப்பொருளை நம் இரைப்பையும் சிறுகுடலும் செரிக்க இயலாது. அதைப் புளிக்கச் செய்து, பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றித் தருகிறவை இந்தப் பாக்டீரியாக்களே. பெருங்குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்கு அதுவே முக்கியமான ஆகாரம். வைட்டமின் கே சத்தையும் சில பி வகைச் சத்துகளையும் இவை உண்டாக்குகின்றன. நல்லவை இடத்தை நிரப்பிக்கொண்டிருப்பதால் கெட்டவை வேரூன்ற இடமில்லாமல் போகிறது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, எதை எதிர்த்துப் போரிட வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று நம் நோய் எதிர்ப்புச் சக்திக்குப் பயிற்சி கொடுப்பதிலும் இவற்றுக்குப் பங்குண்டு.

குடலுக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் அறிஞர்கள் 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள. எலிகளுக்குப் பலவகைக் கிருமிகளைக் கொல்லும் மருந்துகளைக் கொடுத்து அவற்றின் குடல் பாக்டீரியாக்களைக் குலைத்தபோது, காசநோய்க் கிருமி அவற்றின் நுரையீரலில் அதிகமாகப் பெருகிற்று. குடல் பாக்டீரியாக்களைத் திரும்பக் கொடுத்தபோது எதிர்ப்புச் சக்தியும் திரும்பிற்று. எலியில் கண்டது அப்படியே மனிதனுக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வயிறும் மார்பும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

நான்கு மருந்துகளில் ஒன்று மட்டும்

காசநோய்க்குக் கொடுக்கப்படும் முதல்நிலை மருந்துகள் நான்கு: ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால். முதல் இரண்டு மாதங்கள் நான்கும் சேர்ந்தும், அடுத்த நான்கு மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக மற்ற மூன்றும் கொடுக்கப்படுகின்றன. முன்பு வாரத்திற்கு மூன்று நாட்கள் கொடுக்கப்பட்டன. 2017-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இவற்றை ஒரே மாத்திரையாக இணைத்துத் தினந்தோறும் கொடுக்கிறார்கள்.

இவற்றில் ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்புட்டால் ஆகிய மூன்றும் பெரும்பாலும் காசநோய்க் கிருமியையும் அதன் இனத்தாரையும் மட்டுமே தாக்குகின்றன. ரிஃபாம்பிசின் அப்படியல்ல. பாக்டீரியா தன் மரபுச் செய்தியைப் படியெடுக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை அது முடக்குகிறது. அந்த நொதி பற்பல பாக்டீரியாக்களுக்கும் பொதுவானது. மேலும், இம்மருந்து கல்லீரலிலிருந்து பித்தநீர் வழியாகக் குடலுக்குள் வந்து சேருகிறது. சிறுநீரும் கண்ணீரும் ஆரஞ்சு நிறமாக மாறுவது இந்த மருந்தினால்தான். அது பயப்படத் தக்கதல்ல. ஆனால் குடலில் குடியிருக்கும் தோழர்களில் பலர் இதனால் அடிபடுகிறார்கள்.

அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்ட எலி ஆய்விலும் இதுவே தெரியவந்தது. காசநோய்க் கிருமி தொற்றியதால் மட்டும் எலிகளின் குடல் பாக்டீரியாக்கள் பெரிதாக மாறவில்லை. மருந்து கொடுக்கத் தொடங்கியவுடனே அவை மாறின. அந்த மாற்றத்திற்குத் தலையாய காரணம் ரிஃபாம்பிசின். மருந்தை நிறுத்திய பின்னும் மாதக்கணக்கில் பழைய நிலை திரும்பவில்லை.

மனிதரில் என்ன கண்டார்கள்?

எலியை விட்டு மனிதருக்கு வருவோம். கரீபியன் கடலில் உள்ள ஹெய்ட்டி ஓர் ஏழை நாடு. காசநோய் மிகுந்த நாடு. அங்குள்ள நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. நோயில்லாதவர்கள், கிருமி தொற்றியும் நோய் வெளிப்படாதவர்கள், மருந்து உட்கொண்டுவருபவர்கள், குணமடைந்தவர்கள் ஆகியோரின் மலத்திலுள்ள பாக்டீரியாக்களை மரபணு முறையில் ஒப்பிட்டார்கள்.

மருந்து உட்கொண்டவர்களின் குடலில் எத்தனை வகைகள் உள்ளன என்ற மொத்தக் கணக்கு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் குடியிருப்பவர்கள் யார் என்பது மாறிப்போயிருந்தது. நார்ப்பொருளைப் பியூட்டிரேட்டாக மாற்றும் வகைகளும், தயிரில் காணப்படும் லாக்டோபேசில்லஸ் இனத்தவையும் குறைந்திருந்தன. வேறு சில வகைகள் பெருகியிருந்தன. ஒரு தெருவில் வீடுகளின் எண்ணிக்கை குறையாமலே பழைய குடும்பங்கள் பல வெளியேறி, அந்நியர் குடியேறியது போன்ற நிலை. வியக்கத்தக்க காரியம் என்னவென்றால், சிகிச்சை முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் அந்தத் தெரு பழையபடி ஆகவில்லை.

பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத காசநோய்க்கு இன்னும் பல மருந்துகளை நெடுங்காலம் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வாறு குணமடைந்தவர்களைச் சீனாவில் பரிசோதித்து 2020-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குணமாகிப் பல ஆண்டுகள் கடந்தும் அவர்களுடைய குடல் பாக்டீரியாக்களின் வகைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தன. முதல்நிலை மருந்துகளை ஒழுங்காக முடிக்காவிட்டால் அந்தக் கடினமான பாதையில்தான் போய் நிற்க வேண்டிவரும் என்பதை இங்கே மறவாதேயுங்கள்.

அப்படியானால் அந்த வாலிபனுடைய சந்தேகத்தில் பாதி உண்மை இருக்கிறது. மருந்து அவன் வயிற்றை அசைத்திருக்கிறது. குமட்டல் எல்லாம் குடல் பாக்டீரியாவினால் வருவதல்ல; மாத்திரைகள் இரைப்பையை நேரடியாகவும் உறுத்துகின்றன. ஆனாலும் வயிற்றின் சமநிலை மாறியிருப்பது மெய். அவன் எடுக்கப் போகும் முடிவுதான் தவறு.

ஏன் நிறுத்தக்கூடாது?

குடலில் வாழும் பாக்டீரியாக்களில் பல, தகுந்த சூழல் கிடைத்தால் அரைமணி நேரத்திற்குள் ஒன்று இரண்டாகப் பெருகக்கூடியவை. காசநோய்க் கிருமியோ ஒருமுறை பிரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் சோம்பேறி. மருந்துகள் பெரும்பாலும் கிருமி பெருகும் வேளையில்தான் அதை வசமாகப் பிடிக்கின்றன. முதல் இரண்டு மாதங்களில் சுறுசுறுப்பான கிருமிகள் பெருந்தொகையாக மடிகின்றன. அதனால் இருமல் நிற்கிறது, பசி எடுக்கிறது, எடை கூடுகிறது. ஆனால் நுரையீரலின் மூலைகளில் உறங்கிக்கொண்டிருக்கும் கிருமிகள் இன்னும் சாகவில்லை. அவை ஒவ்வொன்றாக விழிக்கும்போது கொல்வதற்காகவே மீதி நான்கு மாதங்கள். இடையில் நிறுத்துகிறவனிடம் நோய் திரும்பி வருகிறது. மருந்தைத் தாங்கப் பழகிய கிருமியாகவும் வரக்கூடும். அது அவனோடு நிற்பதில்லை. அவனோடு ஒரே அறையில் மூச்சுவிடும் மனைவி பிள்ளைகளையும் தொடும்.

ஹெய்ட்டியில் அதே ஆராய்ச்சிக் குழுவினர் 2021-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதற்கு ஒத்தாசையாக நிற்கிறது. சிகிச்சை தொடங்கியபின் நோயாளியின் இரத்தத்தில் காணப்படும் அழற்சி தணிவதற்கு முதற்காரணம் சளியில் கிருமிகள் குறைவதே. குடல் பாக்டீரியாக்களின் நிலையும் அதில் பங்கு வகிக்கிறது. அதாவது, நோயைக் கொல்வது மருந்து. சரீரம் ஆறுதல் அடைவதில் குடலுக்கும் ஒரு பங்கு. ஒன்றைக் காப்பாற்ற மற்றதைக் கைவிடுவது ஞானமல்ல.

சென்னை கற்றுத்தந்த பாடம்

ஒரு காலத்தில் காசநோயாளியை ஊருக்கு வெளியே உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். பாலும் முட்டையும் ஓய்வும் தூய காற்றுமே சிகிச்சை என்று கருதப்பட்டது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினரைத் தங்கள் குடிசை வீடுகளிலும் வைத்து, இரு சாராருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களின் உணவு குறைவு, நெருக்கடி அதிகம், வேலையும் அதிகம். அப்படியிருந்தும் அவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு உலகமெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மருந்தே முதன்மை என்பது அந்தப் பாடம். உணவு வேண்டாம் என்பது அதன் பொருளல்ல. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை, இதே நிறுவனமும் பங்குகொண்ட ஒரு பெரிய ஆய்வில், 2,800 நோயாளிகளுக்கும் அவர்களுடைய வீட்டார் 10,345 பேருக்கும் உணவுப் பொருள் வழங்கினார்கள் அல்லது ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அரிசியும் பருப்பும் கூடுதலாகப் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் 5 சதவீதம் எடை கூடிய நோயாளிகளுக்கு மரண அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து முதலாவது, உணவு அதன் உடன்வேலையாள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. மருந்தை நீங்களாக நிறுத்தாதேயுங்கள், குறைக்காதேயுங்கள். வெறும் வயிற்றில் குமட்டினால், சிறிது உணவுடன் எடுத்துக்கொள்ளலாமா, எந்த வேளையில் எடுக்கலாம் என்று சுகாதாரப் பணியாளரைக் கேளுங்கள். வழி சொல்லுவார்.

2. கண் மஞ்சளாவது, ஓயாத வாந்தி, உணவில் முற்றிலும் வெறுப்பு, வலப்பக்க மேல்வயிற்றில் வலி ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அடையாளங்களாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பார்வை மங்கினாலும் அப்படியே. நீர்போன்ற பேதி பலமுறை போனாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதிக்க வேண்டாம். காசநோய் குடலையே தாக்குவதும் உண்டு. எல்லாவற்றையும் மாத்திரையின் மேல் பழிபோட்டு இருந்துவிடக் கூடாது.

3. வயிற்றுப்போக்கு என்றவுடன் மெடிக்கல் ஷாப்பில் தாங்களே கேட்டு வேறு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே அடிபட்ட குடல் தோழர்களை அது மறுபடியும் அடிக்கும். நெஞ்செரிச்சலுக்கான அமில முறிப்பு மருந்தும் காசநோய் மாத்திரை உடலில் சேருவதைக் குறைக்கக்கூடும், கேட்டே எடுங்கள்.

4. கேழ்வரகு, கம்பு, பருப்பு, பயறு, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, காய்கறி ஆகியவை குடல் பாக்டீரியாக்களின் ஆகாரம். வயிறு ஏற்றுக்கொள்ளும் அளவில் சிறிது சிறிதாகச் சேருங்கள். முட்டையும் பாலும் நிலக்கடலையும் இழந்த சதையைத் திரும்பத் தரும். தயிரும் மோரும் நம் பாட்டிமார் அறிந்த நல்ல துணை. ஆனால் தயிர் காசநோயைக் குணமாக்காது. விலையுயர்ந்த பொடிகளையும் மாத்திரைகளையும் "குடலைச் சரிசெய்யும்" என்று விற்பவர்களிடம் உங்கள் கூலியைக் கொடுத்துவிடாதேயுங்கள். அதைக்கொண்டு முட்டை வாங்குங்கள்.

5. ஐசோனியாசிட் எடுத்துவரும்போது, சரியாகக் குளிரில் வைக்கப்படாத அயிலை, சூரை போன்ற மீன்களை உண்டால் சிலருக்கு முகம் சிவந்து, தலைவலியும் படபடப்பும் உண்டாகும். மீன் வேண்டுமென்றால் புதிதாக வாங்குங்கள்.

6. மதுபானமும் புகையிலையும் வேண்டாம். கல்லீரல் ஏற்கெனவே சுமக்க வேண்டியதைச் சுமந்துகொண்டிருக்கிறது.

7. பண்டிகைக்கோ திருமணத்திற்கோ சொந்த ஊருக்குப் போகிறீர்களா? புறப்படும் முன்பே மருந்து தரும் இடத்தில் சொல்லுங்கள். போகுமிடத்தில் மருந்து பெற ஏற்பாடு செய்து தருவார்கள். அரசு மையங்களில் மருந்து இலவசம். நோயாளியின் உணவுக்காக 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கப்பட்ட அரசு உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது உங்கள் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

சபையாருக்கு ஒரு வார்த்தை

நம்மில் சிலர், சுகம் கிடைத்தது என்று சாட்சி சொன்ன அன்றே மாத்திரையை நிறுத்திவிடுவதுண்டு. வேறு சிலர் உபவாச நாட்களில் உணவோடு மருந்தையும் தள்ளிவிடுகிறார்கள். பிரியமானவர்களே, ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதிகள் அல்ல. சிகிச்சையில் இருப்பவர் உபவாசம் இருக்க வேண்டியதில்லை என்று ஊழியரே முன்வந்து சொன்னால், எத்தனையோ பேர் மனச்சாட்சியின் உறுத்தலின்றி உண்டு, மருந்தெடுத்துப் பிழைப்பார்கள். குணமானதை மருத்துவர் சளிப் பரிசோதனையால் உறுதிசெய்த பின் சொல்லப்படும் சாட்சி இன்னும் பலமுள்ளதாக இருக்கும் அல்லவா?

சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே நோய் பிறருக்குப் பரவும் தன்மை வெகுவாகக் குறைகிறது. ஆகவே அவரை ஒதுக்காதேயுங்கள். அவர் வீட்டிற்குச் செல்லுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து அமர்ந்து பேசுங்கள். போகும்போது ஒரு டஜன் முட்டையும் ஒரு கிலோ பருப்பும் எடுத்துச் செல்லுங்கள்.

அந்த வாலிபனிடம் திரும்புவோம். நான்காம் மாதத்தில் ஒரு காலை, மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் தயங்கும்போது, "இன்னும் இரண்டு மாதம்தான் தம்பி, வயிறு மெதுவாகச் சரியாகிவிடும். வா, முதலில் மாத்திரையைப் போடு, பிறகு சேர்ந்து கஞ்சி குடிப்போம்" என்று சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். குடலின் பழைய குடித்தனக்காரர்கள் திரும்பி வர ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்கு அவன் உயிரோடிருக்க வேண்டும். அவன் அருகில் நிற்கப்போகிறவர் நீங்களாக இருக்கக்கூடாதா?